மலை ஏறிய மைக் செட்

"அலோ... அலோ... மைக் டெஸ்டிங்..."

பலாமரக் கிளையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, என் வீட்டுக்காரர் மோகன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். ராயபுரத்தில் இப்படித் தட்டினால் பக்கத்தில் போஸ்டர் தின்கிற ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. இங்கேயோ, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ பதில் கொடுத்தார்கள்.

"அலோ... அலோ... டெஸ்டிங்..."

மோகனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாமே இது? அந்தாண்ட வேற எவனாச்சும் செட்டு போட்டுக்கீறானா?"

எதிரே இருந்தது பாறை. நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஒயர் சுருள் நழுவி விழுந்தது. இத்தனை வருஷத் தொழிலில் மனுஷன் எதிரொலியைச் சந்தித்ததே இல்லை. எங்கள் ஊரில் சத்தம் போனால் போனதுதான். பாதியைக் கன்டெய்னர் லாரி தின்னும், மீதியைக் கடல் காற்று தின்னும்.

இது ஜவ்வாது மலையில் நடந்தது. ஊர்ப் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் அந்த ஊர்ச் சின்னப்பொண்ணு என்னைத் திட்டுவாள். "பேர் போட்டீங்கன்னா அத்தன பேரும் காரெடுத்துனு வந்துருவாங்கக்கா" என்று முன்கூட்டியே எச்சரித்திருக்கிறாள்.

அந்த மலையில் சுற்றுலாவை வளர்க்க ஒரு திட்டம் வந்திருந்தது. அகலமான சாலை, விடுதிகள், வண்டி நிறுத்த இடம். ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்க அதிகாரிகள் வருகிற நாள் அது. விடுதிகளுக்குக் குறித்த இடத்துக்குள்தான் ஊர் முழுவதும் குடிக்கிற ஊற்று இருந்தது. வேலி போட்டால் சின்னப்பொண்ணின் குடம் இந்தப் பக்கமும் தண்ணீர் அந்தப் பக்கமுமாகப் போய்விடும்.

அதைச் சொல்லத்தான் அவளுக்கு மைக் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து எங்கள் மைக் செட் மலை ஏறியது.

புளி மண்டியிலிருந்து மைக் செட்டுக்கு

மலைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நடுவில் இருப்பது புளி.

என் பிறந்த வீட்டார் நெல்லைச் சீமையிலிருந்து வந்து கல்மண்டபத்தில் புளி மண்டி வைத்தவர்கள். எங்கள் வீட்டில் துணி, தலைமுடி, பாடப் புத்தகம் எல்லாமே புளி மணக்கும். பள்ளிக்கூடத்தில் என்னைப் 'புளிச்செல்வி' என்பார்கள். இன்றைக்கும் சில பேர் என்கிறார்கள், வயதானதுதான் மிச்சம்.

மோகன் அசல் ராயபுரம். மாதா கோயில் திருவிழாவில் பைபிள் வாசிக்க என்னை நிறுத்தியபோது மைக் என் நெற்றிக்கு நேரே இருந்தது. அதற்கு முந்தின வருஷங்களிலும் அப்படித்தான் இருந்தது. நான் எம்பி எம்பி வாசிப்பேன். அந்த வருஷம் புதிதாக வந்த மைக் செட்காரர் ஒன்றும் பேசாமல் வந்து, திருகைத் தளர்த்தி, மைக்கை என் வாய்க்கு நேராக இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

அந்த மனுஷனைத்தான் கட்டிக்கொண்டேன். வீட்டில் நடந்த ரகளையை முன்பொரு வாரம் இதே பத்தியில் எழுதிவிட்டேன். திரும்ப எழுதினால் அண்ணன் வருத்தப்படுவார். பாவம், அவர் இப்போது திருந்திவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு கல்யாண வீடு, காது குத்து, கட்சிக் கூட்டம், தேர் பவனி என்று நானும் அவர் கூடவே போனேன். ஒயர் சுற்றுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. மைக்குக்கு முன்னால் வருகிற மனிதர்களை வேடிக்கை பார்ப்பதிலும்தான். மைக் கிடைத்ததும் சிலருக்கு ஒரு சாண் உயரம் கூடிவிடும். சிலர் கைக்கு அது போய்ச் சேருவதே கிடையாது.

காத்திவாக்கத்துப் பாடு

எண்ணூர்ப் பக்கம் ஒரு நிறுவனத்தின் விரிவாக்கத்துக்காகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மைக் செட் எங்களுடையது. மேடையில் அதிகாரிகள், முன்வரிசையில் எங்கிருந்தோ வேனில் வந்த சட்டை கசங்காத ஆட்கள். மைக் அவர்கள் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பின்னால் இருந்த காத்திவாக்கம் மீனவர்களுக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து கத்தினார்கள். பிறகு கோபத்தில் மொத்தமாக வெளியேறினார்கள். வெளியே கோஷம் போட்டு, டீ குடித்து, ஜெயித்துவிட்ட நினைப்பில் வீட்டுக்குப் போனார்கள். உள்ளே மிச்சமிருந்தவர்கள் நிம்மதியாக வாழ்த்திப் பேசி, கூட்டத்தை அமைதியாக முடித்தார்கள். ஒயரைக் கழற்றப் போன நாங்கள்தான் அதைப் பார்த்தோம்.

கழிமுகத்துக்கு இறங்குகிற வழியை மறித்து ஒரு சுவர் வருவதாக அந்தத் திட்டத்தில் இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை.

மறுநாள் தேசம்மா அக்கா கடைக்கு வந்தார். மோகனுக்குப் பெரியம்மா மகள், காத்திவாக்கத்தில் இறால் பிடிக்கிறவர். அவர் கோபமாக இருக்கும்போது உட்கார மாட்டார்.

"அல்லாரும் ஒண்ணா கத்துனா அந்த ஆபீசரு காதுல இன்னாடா உய்ந்திருக்கும்? ஆத்துல வலை போடறதுக்குப் பாடு வச்சிகினு கீறோம்ல? மைக்குக்கும் பாடு வெச்சா இன்னா?"

பாடு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கழிமுகத்தில் இறால் கொட்டுகிற இடமும் உண்டு, வெறும் சேறு கிடக்கிற இடமும் உண்டு. பலசாலி நல்ல இடத்தை வளைத்துக்கொண்டால் தினம் அடிதடிதான். அதனால் ஊர் கூடி முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று இந்த இடம் உன் வலைக்கு, நாளை அடுத்தவன் வலைக்கு. முறைக்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டாலும், அவன் வராத இடத்தில் இன்னொருவன் வலையை இறக்க மாட்டான். இடம் சும்மா கிடக்கும். அது அவனுடைய பாடு.

அதே திட்டத்துக்கு மறுபடி வைத்த கூட்டத்துக்கு அந்த முறையை அப்படியே கொண்டுவந்தார் அக்கா. ஆளுக்கு ஒரு விஷயம். முன்னால் பேசியவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லக்கூடாது. ஒருவர் பேசினால் மற்றவர் வாய் திறக்கக்கூடாது. வெளிநடப்பு கிடையவே கிடையாது.

"அப்புறம் மோகனு, மேடைல ஏறுன்னா எந்தப் பொம்பள ஏறுவா? மைக்க கீய எறக்கு."

தேர் பவனிக்கு வைத்திருந்த நீள ஒயரை மோகன் கொண்டுபோனார். மைக் மேடையிலிருந்து இறங்கி, மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் மடிக்கே வந்தது. நடுவில் அக்காவின் புருஷனே ஆத்திரத்தில் எழுந்துவிட்டார். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மனுஷன் அப்படியே உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்வதுபோல நடித்தார்.

அதிகாரிகள் கேட்டார்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தச் சுவர் இன்று வரை எழும்பவில்லை. எண்ணூர்ப் பக்கம் வேலை இருந்தால் நான் சுற்று வழியானாலும் அந்தப் பாதையில்தான் போவேன். இல்லாத சுவரைப் பார்க்க அவ்வளவு பெருமையாக இருக்கும்.

டெம்போவில் வந்த விருந்தாளி

அந்த இரண்டாவது கூட்டத்துக்கு எங்களோடு டெம்போவில் வந்தவள்தான் சின்னப்பொண்ணு.

மலையிலிருக்கும் பெண்கள் சேர்ந்து புளியைத் தட்டி, கொட்டை எடுத்து, மூட்டை கட்டி அண்ணன் மண்டிக்கு அனுப்புவார்கள். மூட்டையோடு அவள் வருவாள். அன்றைக்கு இறக்கி முடித்த பிறகு பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. மண்டியில் ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறாய், வா என்று ஏற்றிக்கொண்டேன்.

கூட்டம் முழுவதும் அவள் அசையவில்லை. தேசம்மா அக்கா வீட்டில் வறுத்த இறாலைக் கொடுத்தபோது, "இத்தன காலு இருக்குதே, இது பூச்சிங்களா?" என்று கேட்டு அக்காவைச் சிரிக்க வைத்தாள். அது ஒன்றுதான் அவள் அங்கே பேசியது. திரும்பும் வழியில், எர்ணாவூர் தாண்டியதும் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எங்க ஊருலயும் இதேபோலக் கூட்டம் போடப் போறாங்களாம். போன தடவ கீழருந்து ஒரு ஆளு வந்து எங்களுக்காகப் பேசிட்டுப் போய்ட்டான். நாங்க சும்மா ஒக்காந்துனு இருந்தோம். மைக்குல பேசனாத்தான் கேப்பாங்க போலிருக்குது. நீங்க மலைக்கு வருவீங்களா?"

முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மோகன், என்னைக் கேட்காமலே, "வர்றோம்மா" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் கேட்டதும் குதித்தார். "ஏளா செல்வி, ஒங்க ரெண்டு பேருக்கும் கிறுக்கா பிடிச்சிருக்கு? மலை உச்சிக்கு ரேடியோ செட்டத் தூக்கிட்டுப் போவியளாக்கும்!" என்றார். மறுநாள் காலையில் புளி ஏற்றப் போகிற தன் லாரியை எங்கள் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவரும் அவரேதான்.

தேசம்மா அக்காவால் வர முடியவில்லை. ஆற்றில் அன்றைக்கு அவர் பாடு. வழியனுப்பும்போது மோகனிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணாண்ட பாடு இன்னான்னு ஒயுங்கா சொல்லிக் குடுத்துட்டு வா. வெறும் செட்ட மட்டும் போட்டுட்டு வந்தே, என் வூட்டாண்ட வராதே."

பாறையின் பேச்சு

இப்போது பலாமரத்தடிக்கு வருகிறேன்.

அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் அடிக்கடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே மேகம் கறுத்திருந்தது. மழைக்கு முன் மலையிறங்க வேண்டிய கவலை அவருக்கு.

சின்னப்பொண்ணு மைக்கைப் பிடித்து, "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள்.

"வணக்கம்" என்றது பாறை.

"எங்க ஊருல ஒரு ஊத்து..." என்று அவள் தொடங்குவதற்குள் பழைய வார்த்தை வந்து புதிய வார்த்தைமேல் ஏறிக்கொண்டது. யாருக்கும் எதுவும் புரியவில்லை. மோகன் என்ன செய்தார் தெரியுமா? சத்தத்தைக் கூட்டினார். எங்கள் ஊரில் பேச்சு கேட்கவில்லையென்றால் சத்தத்தைக் கூட்டுவார்கள். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

ஸ்பீக்கர் வீல் என்று அலறியது. சாமை வயலிலிருந்து குருவிக் கூட்டம் கிளம்பிப் பறந்தது. ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதன் பின்னால் மூன்று பேர் ஓடினார்கள். மூத்த அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார்.

சின்னப்பொண்ணு மைக்கைக் கீழே இறக்கி, மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, அத நிறுத்திடுங்க. இங்க யாருக்கும் காது மந்தமில்ல."

மோகன் பின்கழுத்தைத் தேய்த்தார். அவருக்கு மனசு புண்பட்டால் அதுதான் அடையாளம். இவ்வளவு தூரம் சுமந்து வந்த செட்டு, வேண்டாத விருந்தாளியாகிவிட்டது.

"சரிம்மா, நேரமில்ல. யாராவது ஒருத்தர் சுருக்கமாகப் பேசுங்க, போதும்" என்றார் அதிகாரி.

அந்த ஒருத்தர் தயாராக இருந்தார். விடுதி கட்டக் கீழிருந்து வந்தவர். போன தடவை ஊருக்காகப் பேசிவிட்டுப் போன அதே ஆள். தொண்டையிலேயே ஸ்பீக்கர் வைத்துப் பிறந்தவர். எழுந்து, "ஊர் மக்கள் சார்பாக..." என்று ஆரம்பித்தார்.

காத்திவாக்கத்து முதல் கூட்டம் மறுபடியும் என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. சின்னப்பொண்ணு ஊற்று இருந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் கூட்டம் முடியும். ஊற்று போய்விடும்.

ஒயர் இல்லாமல்

மோகன் எழுந்தார். நேராகப் போய் மைக்கிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். வெறும் மைக்கைச் சின்னப்பொண்ணின் கையில் வைத்து அழுத்தினார்.

"இந்தாம்மா. இது யார் கைல கீதோ அவுங்களுக்குத்தான் பாடு. மத்தவங்க யாரும் பேசக்கூடாது. நானும்தான்." பிறகு அந்தப் பெரிய தொண்டைக்காரர் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, "சார், உங்க பாடும் வரும். ஒக்காருங்க" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் உட்கார்ந்துவிட்டார். மைக் வைத்திருப்பவர்தான் பேச வேண்டும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஒயர் இருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதிகாரியும் வானத்தை விட்டுவிட்டு மைக்கைப் பார்த்தார்.

அப்போதுதான் அந்த மலையின் அமைதி எனக்குக் கேட்டது. ராயபுரத்துக் காதோடு போன எனக்கு அது பயமாகக்கூட இருந்தது. பலா இலை விழுகிற சத்தம் கேட்டது.

சின்னப்பொண்ணு பேசினாள். "ரோடு வேணாம்னு நாங்க சொல்லல. விருந்தாளி வரட்டும், சாமைச் சோறு ஆக்கிப் போடறோம். ஆனா ஊத்துக்கு மேல இருக்கற காட்ட வெட்டாதீங்க. வெட்டனா ஊத்து நின்னுபோவும். அப்பறம் வர்றவங்களுக்கும் தண்ணி இல்ல, எங்களுக்கும் இல்ல."

மைக்கைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் அவள். "எங்கப்பா என்ன இந்த ஊருக்குக் குடுத்ததே இங்க தண்ணிக் கஷ்டம் இல்லன்னுதான்" என்றாள். அவள் மாமியார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார்.

அடுத்தவர் ஒரு விவசாயி. "ரோட்டு வளைவுக்குக் கீழ வறக்காடு ஒண்ணும் வெளையாம சும்மா கெடக்குது. அங்க கட்டுங்க. மழைத்தண்ணி நிக்க ஒரு குட்டைய நாங்களே வெட்டித் தர்றோம்" என்றார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

மைக் கைமாறிக்கொண்டே போனது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லவில்லை; காத்திவாக்கத்தில் பார்த்ததைச் சின்னப்பொண்ணு ஊரில் சொல்லி வைத்திருந்தாள். ஒரு பெரியவரிடம் போனபோது அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். கண்ணில் நீர் கோர்த்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. யாரும் அவருக்காகப் பேசவும் இல்லை. தன் நேரம் போதும் என்று தோன்றியதும் அவர் மைக்கை அடுத்தவரிடம் தந்தார். அது அவருடைய பாடு.

நான் அழுதுவிட்டேன். காத்திவாக்கத்துச் சேற்றில் பிறந்த முறை ஒன்று, கடலையே பார்த்திராத ஒரு மனிதரின் மௌனத்துக்குக் காவல் நிற்கிறதே என்று நெஞ்சு விம்மியது.

விடுதிக்காரருக்கும் பாடு வந்தது. பழக்க தோஷத்தில் மைக்கைத் தட்டினார், சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "வளைவுக்குக் கீழே கட்டினால் வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா?" என்று கேட்டார். வார்த்தைக்கு வார்த்தை பெருமுழக்கம் செய்கிற மனிதர், நியாயமான ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்.

கடைசியாக அதிகாரியின் கைக்கே மைக் போனது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த ஊற்று எங்கே இருக்கு? காட்டுங்க" என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். ஊரே பின்னால் நடந்தது.

காலியாகக் கிடக்கும் இடம்

அந்த மைக் திரும்பி வரவில்லை. மோகன் அங்கேயே கொடுத்துவிட்டார். "ரிப்பேராச்சுன்னா சொல்லுங்க" என்று சின்னப்பொண்ணிடம் சொல்லிவிட்டும் வந்தார். ஒயரே இல்லாத மைக்கில் என்ன ரிப்பேர் வரும் என்று நான் கேட்கவில்லை. மனுஷன் அவ்வளவு பூரிப்பில் இருந்தார்.

அடுத்த புளிக் காலத்தில் சின்னப்பொண்ணு மண்டிக்கு வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. திட்டத்தை மாற்றிவிட்டார்கள். விடுதிகள் வளைவுக்குக் கீழே. ஊற்றையும் அதன் மேலிருக்கிற காட்டையும் பார்த்துக்கொள்ள ஊரிலேயே ஒரு குழு. அதில் பாதிப் பேர் பெண்கள்.

புளி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கேன் தண்ணீரும் வந்திருந்தது. தேசம்மா அக்காவுக்காம். அன்று மாலையே காத்திவாக்கம் போனோம்.

அக்கா வலையை ஓரம் தள்ளிவிட்டு, டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு வாய்.

"இன்னாடி இது, ஒரு ருசியும் இல்ல?"

உப்பும் துருவும் கலந்த தண்ணீரையே குடித்துப் பழகிய நாக்கு அது. கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே, "ஓ, தண்ணின்னா இப்டிதான் இருக்கணும் போல" என்றார். டம்ளர் அங்கிருந்த பெண்கள் கையில் முறையாகச் சுற்றியது.

அப்போதுதான் சின்னப்பொண்ணு அதைச் சொன்னாள்.

"அக்கா, இப்ப எங்க ஊருல எந்தக் கூட்டம் போட்டாலும் ஒரு பாடு உங்களுக்கு ஒதுக்கி வெக்கறோம். காத்திவாக்கம் பாடுன்னு. அது வந்ததும் மைக்க நடுவுல வெச்சிருவோம். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டோம். எடுக்கவும் மாட்டோம். அது உங்களுது."

தேசம்மா அக்கா முந்தானையால் கையைத் துடைத்தார், முகத்தையும் துடைத்தார். பிறகு மோகனைப் பார்த்து அதட்டினார்:

"இன்னாடா நின்னுகினு கீற? வண்டிய எடு. மலைல நம்ம பாடு காலியா கெடக்குதாம்ல."